ஜானவாசத்தில் மட்டும் கொதித்த கார்

நடந்தது இவ்வளவுதான்:

1. திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரின் பழைய திறந்த கார், கோட்டைக்குள் ஒரு ஜானவாசத்தில், அதாவது மாப்பிள்ளை ஊர்வலத்தில், கடைசித் திருப்பத்துக்கு வந்தபோது கொதித்தது.
2. அடுத்த கல்யாணத்தில் பாதி வழியிலேயே கொதித்தது. கோட்டும் டையும் அணிந்திருந்த மாப்பிள்ளை ஆவிக்கு நடுவிலிருந்து இறங்கி நடந்தார்.
3. எங்கள் ஹெட் மேஸ்திரி, ஹெட் கேஸ்கட் போய்விட்டது, எஞ்சினைத் திறக்க வேண்டும் என்றார்.
4. நான் திறக்க வேண்டாம் என்றேன்.
5. மூன்றாவது ஊர்வலத்திலும் ஆவி வந்தால் காரை இரும்பு விலைக்குப் போட்டுவிடுவதாக அண்ணாச்சி அறிவித்தார்.
6. அந்த மூன்றாவது ஊர்வலத்தில் நான் கையில் தர்மாமீட்டருடன் காருக்கு முன்னால் நடந்தேன்.
7. அதை ஒரு சடங்கு என்று தெருவே நம்பியது.

திங்கட்கிழமை இந்தப் பட்டறையில் சேரப்போகும் உங்கள் மூவருக்காகவும் இதை எழுதி வைக்கிறேன். சனிக்கிழமையோடு நான் விலகுகிறேன். சென்னையில் வேறு வேலை. நான்கு வருடம்தான் இங்கே இருந்தேன். அனுபவசாலி என்று சொல்லிக்கொள்ள அது போதாது. ஆனால் செய்த தவறுகளை எண்ணினால் போதும்.

ஹெட்டை எப்படிக் கழற்றுவது, போல்ட்டுகளை எந்த வரிசையில் இறுக்குவது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் இரண்டாவது அலமாரியில், கிரீஸ் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. எப்போது கழற்றக் கூடாது என்பது மட்டும் அதில் இல்லை.

முதலில் என் பழைய தவறு ஒன்று. நான் சேர்ந்த மூன்றாம் மாதம் விழிஞ்ஞத்திலிருந்து ஒரு மீன் லாரி கொதித்தபடி வந்தது. மேஸ்திரி மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்து, "கேஸ்கட்டு" என்றார். மீன் லாரியில் அவர் எதை முகர்ந்தார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஹெட்டைத் திறந்தேன். ஒரு போல்ட் உள்ளேயே முறிந்தது. கேஸ்கட் நேற்று வாங்கியதுபோல் இருந்தது. பிறகுதான் எஞ்சினின் முன்பக்கம் போய்ப் பார்த்தேன். விசிறியைச் சுழற்றும் பெல்ட் அறுந்து, அதற்குப் பதிலாகக் கயிறு கட்டியிருந்தார்கள். நல்ல கயிறுதான், கட்டுமரத்துக்குக் கட்டுகிற கயிறு. விசிறி மட்டும் நினைத்தபோது சுற்றியது.

அன்று ஒரு பட்டியல் எழுதினேன். வெளியே கண்ணுக்குத் தெரிவதில் தொடங்கி, உள்ளே போகப் போக, கடைசி வரிதான் 'ஹெட்டைத் திற'. அந்தப் பட்டியல் உங்கள் மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறது. அதை நம்புங்கள். ஆனால் முழுதாக நம்பாதீர்கள். காரணம் கீழே வருகிறது.

அண்ணாச்சியின் கார் யுத்தத்துக்கு முன்னால் வந்தது. நீளமான உடம்பு, மடக்கிவைக்கும் துணிக்கூரை, இருவர் சேர்ந்து சாய்ந்துகொள்ளும் அளவுக்குப் பெரிய மட்கார்டுகள். கோட்டை அக்கிரகாரங்களில் கல்யாணம் என்றால் முந்தின நாள் அந்தியில் மாப்பிள்ளையை அந்தக் காரில் ஏற்றி, நாதஸ்வரம் முன்னே போக, பெட்ரோமாக்ஸ் விளக்குகளுடன் தெருத்தெருவாக அழைத்து வருவார்கள். பதினேழு வருடமாக அதை ஓட்டுகிறவர் வேலப்பன். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அந்த வண்டியைத் தவிர வேறு வண்டி ஓட்டியதில்லை. அண்ணாச்சியிடமும் வேறு வண்டி இல்லை. கார் போனால் வேலப்பனின் வேலையும் அதோடு போகும்.

இரண்டாவது கொதிப்புக்கு மறுநாள் அண்ணாச்சி காரோடு பட்டறைக்கு வந்தார்.

"ஏம்மா, இது காரா, வெந்நிப் பானையா? ரெண்டு கல்யாணத்துல என் மானம் ஆவியாப் போயிட்டு. இரும்புக்கடைக்காரன் தெனமும் கேட்டுக்கிட்டே இருக்கான், பாத்துக்கிடுங்க."

மேஸ்திரி ரேடியேட்டருக்கு மேல் குனிந்து முகர்ந்தார். "கேஸ்கட்டு. முதல்ல கடைசித் திருப்பம், அப்புறம் பாதி வழி. ஓட்டை பெருசாகிட்டே வருது. அடுத்த தடவை கோவில் வாசல்லயே பொங்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சினின் உடம்புக்கும் தலைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடு. அது ஓரிடத்தில் எரிந்தால் சூடான வாயு தண்ணீருக்குள் புகும். ஓட்டை நாளுக்கு நாள் பெரிதாகும். இங்கேயும் நோய் முற்றிக்கொண்டே வருவதுபோல்தான் தெரிந்தது. "ரேடியேட்டர்ல குமிழி வந்துதே, நானே பாத்தேனே" என்றார். கொதிக்கிற தண்ணீரில் குமிழி வரும், சாம்பாரிலும் வரும் என்றேன். அவர் இன்னொரு முறை குனிந்து முகர்ந்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சிக்கல் என்னவென்றால், அந்த மாடலுக்கு யுத்தத்துக்குப் பிறகு கேஸ்கட் வரவே இல்லை. ஹெட்டைத் தூக்கினால் பழைய கேஸ்கட் கிழிந்துவிடும். அதாவது, கேஸ்கட் போய்விட்டதா என்று பார்க்கத் திறந்தால், பார்த்த உடனே போய்விடும். தகட்டை வெட்டி நாமே போட்டுக்கொள்ளலாம் என்றார் மேஸ்திரி. அப்படிப் போட்ட இரண்டு வண்டிகள் பட்டறைக்குப் பின்னால் நிற்கின்றன. அவற்றில் கோழிகள் அடைகின்றன.

வேலப்பன் என்னைத் தனியே கூப்பிட்டார். இந்த ஊரில் படித்தவர் யாரானாலும் அவருக்கு 'சார்'தான்.

"சாரே, இது நல்ல வண்டியாணு, கேட்டோ. வேற வண்டியில ஏறினா கியர் எங்க இருக்குன்னு நான் தேடிக்கிட்டே இருப்பேன். ஊர் போய்ச் சேரமாட்டேன்."

நான்கு நாள் அவகாசம் கேட்டேன். பட்டியலை முதல் வரியிலிருந்து பிடித்தேன். பெல்ட் சரி. குழாய்கள் சரி. எண்ணெயில் தண்ணீர் கலக்கவில்லை. கலந்திருந்தால் பால் விட்ட காப்பிபோல் இருந்திருக்கும். ஸ்பார்க் பிளக்குகள் காய்ந்திருந்தன. எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிப் பார்த்ததில் எல்லா சிலிண்டரும் ஒரே பலத்தோடு எதிர்த்தன. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி ரேடியேட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை.

பிறகு ஏற்றத்தில் பார்க்கலாம் என்று பொன்முடி மலைக்குப் போனோம். மேஸ்திரி தம் கட்சி ஜெயிப்பதைப் பார்க்க ஒரு டின் தண்ணீருடன் பின்சீட்டில் ஏறினார். எந்த வண்டியையும் பழுது பார்ப்பார். எந்த வண்டியிலும் உட்கார அவரால் முடியாது. இது எனக்கு அன்றுதான் தெரிந்தது. மூன்று கொண்டையூசி வளைவுகளில் காரை நிறுத்தினோம். மூன்று முறையும் கொதித்தது அவர் வயிறுதான். டின் தண்ணீர் அவர் முகம் கழுவவே சரியாக இருந்தது.

ஊர்வலத்தில் கார் நடைவேகத்தில் போவதால் கொதிக்கிறதோ என்றும் நினைத்தேன். பட்டறைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் வேலப்பனை ஒரு மணி நேரம் நடைவேகத்தில் வட்டமடிக்கச் சொன்னேன். ஒரு பசு பின்னாலேயே சுற்றி வந்தது. தர்மாமீட்டர் நூற்றெண்பத்தைந்தைத் தாண்டவில்லை. தண்ணீர் கொதிக்க, பாரன்ஹீட் கணக்கில், இருநூற்றுப் பன்னிரண்டு வேண்டும்.

வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் அது ஏன் இரண்டு முறை கொதித்தது என்பதை என்னால் எழுத முடியவில்லை. அந்த இடத்தை வெறுமனே விட்டேன். நீங்கள் யாராவது அப்படி ஓர் இடத்தை வெறுமனே விட்டால், அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்குங்கள். நிம்மதியாக இருக்காது, இருக்கவும் கூடாது.

ஊர்வலத்துக்கு முந்தின நாள் பூக்காரர் பட்டறைக்கு வந்தார். தோவாளைக்காரர். கோட்டைக்குள் கல்யாணக் கார்களுக்குப் பூ அலங்காரம் அவர் கைதான். கோபமாக இருந்தார்.

"தங்கச்சி, உங்க வண்டிச் சூட்டுல எம் மயிலு கருவாடாப் போச்சு. ரெண்டு தடவ! பிச்சிப் பூ அது, தங்கச்சி. அப்பளம் இல்ல."

"வண்டி இப்போ சரியா இருக்கு அண்ணே."

"நீங்க சொல்லுவீங்க. நானும் சும்மா இருக்கல. இந்தத் தடவ நல்லா பந்தோபஸ்து பண்ணியிருக்கேன். உங்க சூடு அதுக்குள்ள ஏறாது."

என் நோட்டில் 'சம்பந்தமில்லாதவை' என்று ஒரு பக்கம் உண்டு. அங்கே எழுதினேன்: பூக்காரர், மயில், புகார்.

வியாழக்கிழமை அந்தியில் பிள்ளையார் கோவில் வாசலில் கார் நின்றது. மயிலை அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். மூங்கில் சட்டத்தில் கட்டிய பூமயில், தோகை விரித்தபடி, ரேடியேட்டரின் முகத்தை மட்கார்டிலிருந்து மட்கார்டு வரை மூடியிருந்தது. அழகாக இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ரேடியேட்டர் மூடி சரியாக மயிலின் கொண்டை இருக்கும் இடத்தில் எட்டிப் பார்த்தது. ஆகவே நான் சூடு பார்க்கும் ஒவ்வொரு முறையும், மயிலின் கொண்டையைத் திருகி எடுத்து, அதன் தலைக்குள் ஒரு கண்ணாடிக் குச்சியை விட வேண்டியிருந்தது.

மாப்பிள்ளை ஏறினார். கம்பளிக் கோட்டில் அவர் காரைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி இரும்புக்கடைக்காரரையும் அழைத்து வந்திருந்தார். அவர் காருக்குப் பின்னால் நடந்தபடி, மட்கார்டை விரலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஒவ்வொரு தட்டுக்கும் வேலப்பனின் தோள் குலுங்கியது. மேஸ்திரி கைகட்டி ஓரமாக நடந்தார்.

முதல் திருப்பத்தில் நாதஸ்வரக்காரர்கள் நின்று வாசித்தார்கள். நான் கொண்டையைத் திருகினேன். பக்கத்திலிருந்த ஒரு மாமா குனிந்தார்.

"ஏம்மா, காருக்கு ஜொரமா? எத்தனை இருக்கு?"

"நூற்றெழுபத்தெட்டு, மாமா."

"சிவ சிவா! நூத்திநாலுக்கே எங்காத்துல சுக்குப் பத்துப் போடுவா!"

பின்னால் இரண்டு மாமிகள் பேசிக்கொண்டார்கள்.

"இதென்னடி, மயிலுக்கு என்னமோ பண்றா?"

"பிள்ளையாத்துக்காரா தஞ்சாவூர்ப் பக்கம். அவா வழக்கமா இருக்கும். கேக்காதே, தப்பா எடுத்துப்பா."

மாப்பிள்ளை வீட்டார் பக்கமும் அதே பேச்சுத்தான். அவர்கள் இதைத் திருவனந்தபுரத்து வழக்கம் என்று முடிவு செய்திருந்தார்கள். இரு தரப்பும் மரியாதைக்காக வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது திருப்பத்தில் ஒரு மாமி மட்டும் முன்னால் வந்து தர்மாமீட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அளவு தெரியவில்லை. துடைத்துவிட்டுப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றாறு.

நாங்கள் இன்னும் அந்த இரண்டாவது திருப்பத்தைக்கூடத் தாண்டவில்லை.

கிணற்றடிக்கு வந்தபோது இருநூற்று நாலு. மேஸ்திரி சொன்னது நடக்கிறது: முதலில் கடைசித் திருப்பம், பிறகு பாதி வழி, இப்போது அதற்கும் முன்னால். குறை இல்லை என்று நான் கையெழுத்துப் போட்ட காகிதம் மேஸ்திரியின் பையில் இருந்தது. அண்ணாச்சிக்குக் கொடுக்க எடுத்து வந்திருந்தார்.

"சாரே, பொங்குமோ?" என்றார் வேலப்பன், உதடு அசையாமல்.

எஞ்சினை அணைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம். அண்ணாச்சி அதை முன்கூட்டியே மறுத்திருந்தார்: "தள்ளுனாலும் ஒண்ணுதான், ஆவி வந்தாலும் ஒண்ணுதான்." பெண்ணின் சித்தப்பா வெள்ளிச் செம்பில் கிணற்றுத் தண்ணீரோடு ஓடி வந்தார். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். அதன் பிறகு கேஸ்கட்டைப் பற்றிக் கவலைப்படவே வேண்டியிருக்காது. செம்பை வாங்கி மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் முழுவதையும் குடித்தார்.

இந்த மாதிரி நேரத்தில் கை தானாக ஏதாவது செய்யப் பார்க்கும். அதை அடக்குங்கள். நான் செய்தது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரின் முகத்தைப் பார்த்ததுதான். நான்கு நாளாக நான் சோதித்த அதே கார். அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? மாப்பிள்ளை. அவரால் எஞ்சின் சூடாகாது. நாதஸ்வரம். அதுவும் இல்லை.

மயிலின் காலடியில், பம்பர்மேல், பூக்காரர் ஒரு கட்டு ஊதுபத்தி செருகியிருந்தார். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அதன் புகை தெளிவாகத் தெரிந்தது. நூல் பிடித்ததுபோல் நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

ரேடியேட்டருக்குப் பின்னால் விசிறி சுற்றுகிறது. அது முன்னாலிருக்கும் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். புகை மயிலுக்குள் நுழைந்து காணாமல் போயிருக்க வேண்டும்.

"அண்ணே," என்று பூக்காரரைக் கூப்பிட்டேன். "மயிலுக்குப் பின்னால என்ன வச்சிருக்கீங்க?"

"அதான் சொன்னேனே, பந்தோபஸ்து. ரெண்டு சாக்கு. நடுவுல தாமரை இலை. எல்லாம் நனச்சது."

"முதல் தடவை?"

"முதத் தடவ வெறும் வாழநாருப் பின்னல்தான். பூ வாடிட்டு. அடுத்த தடவ ஒரு சாக்கு வச்சேன். அதுலயும் வாடிட்டு. உங்க வண்டி மோசமாகிட்டே போகுதுன்னு தெரிஞ்சுது, அதான் இந்தத் தடவ…"

கார் சூடானது, அவர் சாக்கு வைத்தார். சாக்கு வைத்ததால் இன்னும் சூடானது. அவர் இன்னொரு சாக்கு வைத்தார். ஓட்டை பெரிதாகவில்லை. போர்வைதான் கனத்துக்கொண்டே வந்தது.

என் சோதனைகள் எல்லாம் சரியானவை. எல்லாவற்றையும் பூ இல்லாத காரில் செய்திருந்தேன். நோயாளியை நோய் வராத நாளில் மட்டும் பார்த்துவிட்டுச் சுகம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"மயிலைக் கழற்றணும்" என்றேன்.

"எம் மயிலத் தொட்டா நடக்கது வேற!" என்றார் பூக்காரர்.

பெண்ணின் அப்பா கும்பிடாத குறையாக ஓடி வந்தார். "மங்களகரமா கட்டினதை நடுத்தெருவுல அவுக்கப்படாதும்மா. சம்பந்தி என்ன நினைச்சுப்பார்? நான் மூஞ்சியை எங்கே வச்சுப்பேன்?"

இருநூற்று ஆறு. பின்னால் இரும்புக்கடைக்காரர் கதவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொல்வது சரி என்பதை அவர்களுக்கு விளக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. விளக்கினாலும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் யாருக்கும் காற்றோட்டம் பற்றிக் கவலை இல்லை. மயில் அவமானப்படக் கூடாது, அவ்வளவுதான்.

"கழற்றி எறியப் போறதில்ல மாமா. மயில் முன்னாடி நடந்து போகும்."

"மயிலு நடக்குமா?" என்றார் பூக்காரர்.

"நீங்க ஒரு பக்கம் பிடிச்சா நடக்கும். கார்ல கட்டினா கால்வாசிப் பேர்தான் பார்ப்பாங்க. உங்க கையில இருந்தா, கட்டினது யாருன்னும் பார்ப்பாங்க."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

நாதஸ்வரக்காரரிடம் போய், தயவுசெய்து இங்கேயே இன்னும் கொஞ்சம் நீட்டி வாசியுங்கள் என்று கேட்டேன். எப்போதும் சீக்கிரம் முடிக்கச் சொல்லியே கேட்டுப் பழகியவர். கண் கலங்கிவிட்டது. கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. அதற்குள் நான்கு முடிச்சுகளை அவிழ்த்தோம். சட்டத்தின் மறுபக்கத்தைப் பிடிக்க ஆள் தேடினேன். பக்கத்தில் கைகட்டி நின்றவர் மேஸ்திரி.

"நானா?" என்றார்.

"நடக்கிற வேலைதான், மேஸ்திரி. உட்கார வேண்டாம்."

பொன்முடி ஞாபகம் வந்திருக்க வேண்டும். சட்டத்தைப் பிடித்தார்.

வேலப்பனிடம் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடிக்கச் சொன்னேன். விசிறி வேகமெடுத்தது. ஊதுபத்திப் புகை வளைந்து ரேடியேட்டருக்குள் போனது. இருநூற்று நாலு. நூற்றுத் தொண்ணூற்றெட்டு. வேலப்பன் ஒவ்வொரு எண்ணையும் என்னிடமிருந்து வாங்கி, திரும்பி மாப்பிள்ளையிடம் சொன்னார். மாப்பிள்ளை அதைத் தம் மாமாவிடம் சொன்னார். நூற்றுத் தொண்ணூறு என்றபோது பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கல்யாண வீட்டு வாசலில் நூற்றெண்பத்திரண்டு. ஆவி இல்லை. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கினார், ஆரத்தி எடுத்தார்கள். வேலப்பன் எஞ்சினை அணைத்துவிட்டு, இறங்காமல் ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். இரும்புக்கடைக்காரர் கடைசியாக ஒருமுறை மட்கார்டைத் தட்டினார்.

"வேய், கையை எடும். பெயிண்டு போயிரும்" என்றார் அண்ணாச்சி.

அவர் கையை எடுத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்லக்கூடியது: வண்டி எந்த உடையில் நோய்வாய்ப்பட்டதோ அந்த உடையிலேயே பாருங்கள். நோய் முற்றுகிறது என்று தோன்றினால், யாராவது அதற்கு வைத்தியமும் செய்துகொண்டே வருகிறார்களா என்று கேளுங்கள். 'சம்பந்தமில்லாதவை' என்று ஒரு பக்கம் வைத்திருந்தால், அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இன்றைய நிலை இது. அதன் பிறகு அந்தக் கார் ஒன்பது ஜானவாசங்களுக்குப் போயிருக்கிறது, ஒன்றிலும் கொதிக்கவில்லை. ஹெட் திறக்கப்படவில்லை. கேஸ்கட் எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் கண்ணால் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். மேஸ்திரி அது கேஸ்கட்தான், அன்று தானாக ஒட்டிக்கொண்டது என்கிறார். மயில் முன்னால் நடந்து வருவது கோட்டைக்குள் வழக்கமாகிவிட்டது. மயில் நடக்காத கல்யாணத்தைக் குறைவாகப் பேசுகிறார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெண் கண்ணாடிக் குச்சி வைக்க வேண்டும் என்றும் இரண்டு வீடுகளில் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். வேலப்பன்தான் ஓட்டுகிறார். அடுத்த ஊர்வலம் நீங்கள் சேரும் வாரத்து வெள்ளிக்கிழமை. ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தாகிவிட்டது. மேஸ்திரிக்குத் தோள்வலி, மயிலின் இடது பக்கத்துக்கு உங்களில் ஒருவர் வேண்டும்.